ஊருக்கு ஒரு நர்ஸ்: எந்த நர்ஸ்?

வாரத்துக்கு ஒரு பென்னி. இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட இருபது ஆண்டுகளில், இங்கிலாந்தின் சிற்றூர்களில் நர்ஸ் ஒருவரை வைத்துக்கொள்ள ஊரார் சேர்ந்து அமைத்த சங்கத்துக்கு ஒரு குடும்பம் கட்டிய சந்தா பெரும்பாலும் இந்த அளவில்தான் இருந்தது. அன்றைய கணக்கில் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. 200 குடும்பங்கள் தவறாமல் கட்டினால் ஆண்டுக்கு 43 பவுண்டும் சில்லறையும் சேரும். நர்ஸுக்குச் சம்பளம், தங்க இடம், சீருடை, சைக்கிள் என்று பார்த்தால் 100 பவுண்டுக்குக் குறையாது. மீதிப் பணத்துக்கு எங்கே போவது, அந்தப் பணத்துக்கு எப்படிப்பட்ட நர்ஸை வைப்பது என்ற இரண்டு கேள்விகளும் ஊர்க் குழுவின் முன்னால் ஒன்றாகவே வந்து நின்றன.

குழு என்றால் பெரிய அமைப்பு ஒன்றும் இல்லை. பாதிரியார், பெரிய வீட்டு அம்மாள், பள்ளி ஆசிரியர், ஓரிரு விவசாயிகள். ஊர்ப் பள்ளி அறையில் கூடிப் பேசுவார்கள். ஆனால் பிரசவ வலி எடுத்த வீட்டுக்கு நடுராத்திரியில் யார் வருவார், படுக்கையில் கிடக்கும் கிழவருக்கு யார் புண் கழுவுவார் என்பதெல்லாம் அவர்கள் எடுக்கும் முடிவில் இருந்தது. 1948 ஜூலை 5 அன்று தேசிய சுகாதாரச் சேவை தொடங்கும்வரை, நோயாளியை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் நர்ஸ் வேலை சட்டப்படி யாருடைய கடமையாகவும் இல்லை. ஊர் கூடி ஏற்பாடு செய்தால் உண்டு, செய்யாவிட்டால் இல்லை.

1936ஆம் ஆண்டின் இறுதியை எடுத்துக்கொள்கிறேன். அந்த ஆண்டுதான் புதிய மருத்துவச்சிகள் சட்டம் நிறைவேறியது. சம்பளம் வாங்கும் மருத்துவச்சிகள் ஒவ்வொரு பகுதியிலும் போதிய அளவில் இருக்கும்படி கவுண்டி கவுன்சில் (நம் மாவட்டம் போன்ற கவுண்டியின் உள்ளாட்சி மன்றம்) பார்த்துக்கொள்ள வேண்டும்; தானே நியமிக்கலாம், அல்லது ஊர்ச் சங்கங்களோடு ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்று சட்டம் சொன்னது. ஆகவே ஒவ்வொரு ஊர்க் குழுவும் தன் நர்ஸைப் பற்றி மறுபடி யோசிக்க வேண்டிய நேரம் அது.

நர்ஸுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று இன்றைய வாசகருக்குத் தோன்றலாம். அன்றைக்குப் பல நோய்களுக்கு நர்ஸின் கைதான் மருந்து. நிமோனியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பயன்பட்ட எம் அண்ட் பி 693 என்ற மாத்திரை வந்தது 1938இல். அதுவரை காய்ச்சல் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும் நாள்வரை நோயாளியைச் சாய்த்து உட்காரவைப்பது, உடம்பைத் துடைத்துவிடுவது, கரண்டி கரண்டியாக நீர் கொடுப்பது, இரவெல்லாம் விழித்திருந்து பார்ப்பது, அவ்வளவுதான் வைத்தியம். டாக்டர் வந்து நெஞ்சைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போவார். உயிரைப் பிடித்துவைப்பது அவருக்குப் பிறகு உள்ளே வருபவர். 1923 முதல் பிரிட்டனில் இன்சுலின் கிடைக்கத் தொடங்கியதும் சர்க்கரை நோயாளிக்கு நாள்தோறும் ஊசி போட ஒருவர் தேவைப்பட்டார். இதெல்லாம் நடந்தது குழாய்த் தண்ணீர் வராத, மண் கழிப்பறை வைத்த வீடுகளில். ஊர்ப்புறக் குடிநீருக்கென்று அரசு 10 லட்சம் பவுண்டு ஒதுக்கியதே 1934இல்தான். படுத்த படுக்கையாக ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்தவர்களுக்கு, கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்து வந்து தினமும் துணி மாற்றுவது என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

டாக்டர் இருந்தாரே என்றால், யாருக்கு இருந்தார் என்று பார்க்க வேண்டும். 1911ஆம் ஆண்டு தேசியக் காப்பீட்டுச் சட்டப்படி வாரத்துக்குத் தொழிலாளி 4 பென்ஸ், முதலாளி 3 பென்ஸ், அரசு 2 பென்ஸ் போட்டார்கள். அதில் தொழிலாளிக்கு டாக்டர் கிடைத்தார். அவர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கிடைக்கவில்லை. பிரசவத்துக்கு மட்டும் 30 ஷில்லிங், பிறகு 40 ஷில்லிங் கையில் வந்தது. பண்ணைத் தொழிலாளியின் வாரக் கூலி 30 ஷில்லிங்குக்குச் சற்று மேலே இருந்த காலத்தில், மனைவிக்காக டாக்டரைக் கூப்பிடுவது வீட்டுக் கணக்கையே புரட்டிப்போடும் செலவு.

குழுவுக்கு இருந்த முதல் வழி ஒன்றும் செய்யாமல் இருப்பது. ஊரில் ஏற்கெனவே ஒரு அம்மாள் இருப்பார். 'ஹேண்டிவுமன்' என்பார்கள். பிள்ளை பிறக்கும்போதும் அவர்தான் வருவார், இறந்தவரைக் குளிப்பாட்டிக் கிடத்தவும் அவர்தான் வருவார். 1902ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சான்று இல்லாத பெண்கள் காசுக்குப் பிரசவம் பார்ப்பதைத் தொழிலாக வைத்துக்கொள்வது 1910 முதல் குற்றம். டாக்டரின் மேற்பார்வையில் என்றால் மட்டும் விலக்கு. அந்த விலக்கு பெயரளவில் பயன்பட்டது. டாக்டர் எங்கோ இருப்பார், அம்மாள் பிரசவத்தை முடித்திருப்பார். 1926ஆம் ஆண்டுச் சட்டம் டாக்டரின் நேரடி மேற்பார்வை வேண்டும் என்று இறுக்கியது.

இந்தப் பெண்களை அழுக்கும் அறியாமையும் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. குடும்பங்கள் அவரைத் தேடியதற்கு நல்ல காரணம் இருந்தது. அவர் வந்தால் சமைப்பார், துணி துவைப்பார், மற்றப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவார். சான்று பெற்ற மருத்துவச்சி தாயையும் சேயையும் பத்து நாள் வந்து பார்ப்பார், அடுப்படிக்குப் போகமாட்டார். பிரசவமான மூன்றாம் நாளே எழுந்து துணி துவைக்க வேண்டிய பெண்ணுக்கு எது உதவி என்று கேட்டால் பதில் அவ்வளவு சுலபமில்லை. ஆனாலும் கை கழுவும் ஒழுங்கும், ஆபத்தின் அறிகுறி தெரிந்து டாக்டரை அழைக்கும் அறிவும் இல்லாத இடத்தில் அன்பு மட்டும் ஒரு தாயைக் காப்பாற்றாது. இந்த வழியை நான் தள்ளிவிடுகிறேன். ஆனால் அவர் செய்த வீட்டு வேலையை இனி யார் செய்வது என்ற கேள்வியைத் தள்ளவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதிலாகவே எழுந்தது இரண்டாவது வழி. சர்ரே கவுண்டியின் ஆக்லி பகுதியில் பெர்த்தா பிராட்வுட் என்ற அம்மையார் 1880களில் தொடங்கிய குடிசை நர்ஸ் முறை அது. பியானோ செய்த பிராட்வுட் குடும்பத்துப் பெண் அவர். சாதாரண வீட்டுப் பெண்களுக்குச் சுருக்கமான பயிற்சி கொடுத்து, நோயாளியின் வீட்டிலேயே தங்கி நோயாளியையும் வீட்டையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள அனுப்பினார்கள். கட்டணம் குடும்பத்தின் நிலையைப் பொறுத்தது. மருத்துவமனைப் பயிற்சி பெற்றவர்களுக்கு இது பிடிக்கவில்லை, பாதி வேலைக்காரி பாதி நர்ஸ் என்றார்கள். என் தயக்கம் வேறு. ஒரு நர்ஸ் ஒரு வீட்டில் மூன்று வாரம் தங்கினால் அந்த மூன்று வாரமும் மற்ற 199 வீடுகளுக்கு யாரும் இல்லை. ஒரே ஒரு நர்ஸை வைத்துக்கொள்ளவே திணறும் ஊருக்கு இது கட்டாது. வீட்டு வேலைக்குத் தனியாக ஓர் உதவிப் பெண்ணை வைத்துக் கொடுக்க 1918ஆம் ஆண்டு தாய் சேய் நலச் சட்டத்தின் கீழ் கவுன்சில்களுக்கு வழி இருந்தது. அதைக் கேட்டு வாங்குவதே மேல்.

உண்மையான போட்டி அடுத்த இரண்டு வழிகளுக்கு நடுவில்தான்.

ஒருபக்கம் கிராம நர்ஸ். மருத்துவச்சிச் சான்றும், வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலையில் சில மாதப் பயிற்சியும் பெற்றவர். லண்டனின் கிழக்கு ஓரத்தில் பிளெய்ஸ்டோவில் இதற்கென்றே பெயர்பெற்ற பயிற்சி இல்லம் இருந்தது. ஊர்ச் சங்கங்களுக்கு மேலே இருந்த கவுண்டி நர்ஸிங் சங்கம் பயிற்சிச் செலவை ஏற்கும். பதிலுக்கு அந்தப் பெண் அந்தக் கவுண்டியில் சில ஆண்டுகள் வேலை செய்ய ஒப்பந்தம் போடுவார். சம்பளம் குறைவு. ஊர்ப் பேச்சும் ஊர்ப் பழக்கமும் தெரிந்தவராக இருப்பார்.

இன்னொருபக்கம் குயின்ஸ் நர்ஸ். இதன் வேர் லிவர்பூலில் இருக்கிறது. வில்லியம் ராத்போன் என்ற வணிகர், சாகக்கிடந்த தம் மனைவியைப் பார்த்துக்கொண்ட மேரி ராபின்சன் என்ற நர்ஸை 1859இல் நகரத்து ஏழைகளின் வீடுகளுக்கு அனுப்பினார். தம் வீட்டில் கிடைத்த ஆறுதல் அவர்களுக்கும் கிடைக்கட்டும் என்ற எண்ணம். விக்டோரியா மகாராணியின் 1887 பொன்விழாவுக்குப் பெண்கள் திரட்டிய நிதியிலிருந்து 70,000 பவுண்டு இந்த வேலைக்கு ஒதுக்கப்பட்டது. அதிலிருந்து எழுந்த நிறுவனத்துக்கு 1889இல் அரச சாசனம் கிடைத்தது. குயின்ஸ் நர்ஸ் ஆக வேண்டுமென்றால் மருத்துவமனையில் முழுப் பயிற்சி, அதற்கு மேல் ஆறு மாதம் வீட்டு நர்ஸிங் பயிற்சி. ஊர்ப்புறத்துக்கு வருவதென்றால் மருத்துவச்சிச் சான்றும் வேண்டும். ஐந்தாறு ஆண்டுப் படிப்பும் அனுபவமும் கொண்ட ஒருவரைக் குறைந்த சம்பளத்துக்கு, தனிமையான ஊருக்கு வரச்சொல்வது கடினம். காலியிடம் காலியிடமாகவே கிடக்கும்.

பிரசவம் மட்டும்தான் வேலை என்றால் கிராம நர்ஸே போதும் என்று ஒத்துக்கொள்வேன். ஆனால் வேலை அதுவல்ல. குழந்தையின் மூச்சுத் திணறல், அறுவை முடிந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவரின் காயம், பக்கவாதம் வந்தவர், காசநோய், புற்றுநோயின் கடைசி மாதங்கள், எல்லாம் அதே சைக்கிளில் போய்ப் பார்க்க வேண்டியவை. டாக்டர் ஐந்து மைல் தள்ளி இருப்பார். அவரை இப்போதே அழைக்க வேண்டுமா, காலைவரை பொறுக்கலாமா என்று தனியாக முடிவெடுக்க வேண்டிய இடம் நோயாளியின் படுக்கையோரம். அந்தத் தீர்ப்புக்குத்தான் மூன்றாண்டு மருத்துவமனைப் பயிற்சி. கிராம நர்ஸ்களுக்கு மேற்பார்வையாளராகக் கவுண்டிச் சங்கம் ஒரு குயின்ஸ் நர்ஸை வைத்திருந்தது உண்மை. அவர் எப்போதாவது வந்து பையையும் பதிவேட்டையும் பார்ப்பார். ராத்திரி இரண்டு மணிக்கு அவர் இருக்கமாட்டார்.

ஐந்தாவது வழி எல்லாவற்றையும் கவுண்டி கவுன்சிலின் கையில் விட்டு, ஒவ்வொரு வேலைக்கும் தனி ஆளைக் கேட்பது. குழந்தைகளைப் பார்க்க ஹெல்த் விசிட்டர், பள்ளிக்கு ஒருவர், காசநோய்க்கு ஒருவர், பிரசவத்துக்கு மருத்துவச்சி. நகரத்தில் இது நன்றாக நடந்தது. சிதறிக் கிடக்கும் ஊர்களில், ஹெல்த் விசிட்டர் பல ஊர்களைச் சுற்றிவிட்டு மறுபடி வர நாளாகும். அறிவுரை சொல்வார், கிழவரைத் தூக்கிப் படுக்கவைக்கமாட்டார். ஒரே சந்தில் ஒரே வாரத்தில் நான்கு பேர் சைக்கிளில் வருவதும், வேண்டிய நேரத்தில் ஒருவரும் இல்லாததும் நடக்கும். அதனால்தான் பல கவுண்டிகள் ஊர் நர்ஸிடமே இந்த வேலைகளையும் கொடுத்து, அதற்கான தொகையைச் சங்கத்துக்குக் கட்டின. பிறந்த அன்று கையில் ஏந்திய குழந்தையை ஒரு வயதில் எடை பார்த்து, ஐந்து வயதில் பள்ளியில் பல்லும் தலையும் பார்ப்பவர் ஒரே ஆள் என்றால், அந்த வீட்டைப் பற்றி அவருக்குத் தெரிவது வேறு யாருக்கும் தெரியாது.

ஆனால் எல்லா வேலைக்கும் ஒரே நர்ஸ் என்பதில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. இதை மெதுவாகப் பார்க்க வேண்டும்.

அன்றைய இங்கிலாந்தில் குழந்தை மரணம் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டு வந்தது. தாய் மரணம் மட்டும் குறையவில்லை. 1000 பிரசவத்துக்கு 4 தாய்மார் என்ற அளவிலேயே நின்று, 1930களின் நடுவில் இன்னும் சற்றுக் கூடியது. அதில் பெரும்பங்கு பிரசவ ஜன்னி, அதாவது பிரசவத்துக்குப் பிறகு கிருமி தொற்றி வரும் காய்ச்சல். காரணம் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி. ஸ்கார்லெட் காய்ச்சலையும் தொண்டைப் புண்ணையும் உண்டாக்கும் அதே கூட்டத்தைச் சேர்ந்தது. டோரா கோல்ப்ரூக் என்ற மருத்துவர் 1930களின் நடுவில் செய்த ஆய்வு, பல சமயம் அது பிரசவம் பார்ப்பவரின் அல்லது வீட்டாரின் தொண்டையிலிருந்தும் மூக்கிலிருந்தும் தாய்க்குப் போகிறது என்று காட்டியது. காலையில் பள்ளியில் பிள்ளைகளின் தொண்டையைப் பார்த்து, மதியம் சீழ் பிடித்த காலுக்குக் கட்டு மாற்றி, இரவு பிரசவத்துக்குப் போகும் நர்ஸ் எத்தனை சுத்தமாக இருந்தாலும், அந்த மூன்று வேலைகளும் ஒரே உடம்பில் சந்திக்கின்றன. தொற்றுள்ள இடத்தில் இருந்தவர் கிருமி நீக்கம் செய்துகொள்ளும்வரை பிரசவத்துக்குப் போகக் கூடாது என்பது விதி. விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் ஊருக்கு மருத்துவச்சியே இல்லாத நாட்கள் வரும்.

இந்த வாதம் பலமானது. ஆனாலும் கூட்டு வேலையை இதனால் மட்டும் தள்ள முடியவில்லை. குயின்ஸ் நிறுவனத்தின் நர்ஸ்கள் வீடுகளில் பார்த்த பிரசவங்களில் தாய் மரணம் நாட்டுச் சராசரியைவிடக் குறைவாகவே பதிவானது. சிக்கலான பிரசவங்கள் டாக்டரிடமும் மருத்துவமனைக்கும் போய்விட்டதும் அதற்கு ஒரு காரணம் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். என்றாலும், டாக்டரை வைத்துப் பிரசவம் பார்த்த வசதியான குடும்பங்களிலும் தாய்மார் இறப்பது குறைவாக இல்லை. அவசரப்பட்டு ஆயுதம் போட்டு இழுப்பதைவிட, பொறுமையாகக் காத்திருந்து கை வைக்காமல் பார்க்கும் ஒரு நல்ல மருத்துவச்சி பாதுகாப்பு. அதே 1936இல் லண்டனின் குயின் ஷார்லட் மருத்துவமனையில் டோராவின் அண்ணன் லெனார்ட் கோல்ப்ரூக், பிரான்டோசில் என்ற சல்ஃபா மருந்து பிரசவ ஜன்னியை அடக்குவதைக் காட்டினார். அதற்குப் பிறகு நிலைமை வேகமாக மாறியது. ஆனால் நம் குழு கூடும் நாளில் அது இன்னும் ஊர் டாக்டரின் பைக்குள் வந்திருக்காது.

சரி, பணம். சந்தாவில் 43 பவுண்டு. மீதிக்கு ஊர்த் திருவிழா, சீட்டாட்டப் போட்டி, பெரிய வீட்டு நன்கொடை, பிரசவக் கட்டணம், கவுண்டியின் தொகை. சந்தா முறையில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு: பென்னி கட்டிய பெண் நர்ஸை உரிமையோடு அழைத்தாள். தர்மம் கேட்கவில்லை, வக்கற்றவர்களுக்கு உதவி கொடுத்த ஏழைகள் சட்டத்து அதிகாரியின் வாசலில் நிற்கவில்லை. அந்த வாசலின் அவமானத்துக்குப் பயந்து நோயை மறைத்தவர்கள் எத்தனையோ பேர். 1930 ஏப்ரலில் அந்தச் சட்டத்தை நடத்திய பழைய ஏழைகள் காப்பாளர் சபைகள் ஒழிந்து பொறுப்பு கவுண்டிகளுக்கு வந்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை.

பிடிக்காததும் உண்டு. பணம் கொடுப்பவர் நியாயத்தையும் தாமே வைத்துக்கொண்டார். சில சங்கங்களின் விதிகளில் திருமணமாகாத பெண்ணின் பிரசவத்துக்குத் தடையோ நிபந்தனையோ இருந்தது. யாருக்கு நர்ஸ் மிகவும் தேவையோ அவளிடமிருந்து நர்ஸைப் பிடித்துவைக்கும் விதி அது. அதை எந்த விளக்கத்தாலும் என்னால் ஏற்க முடியாது. அறுவடை பொய்த்து ஊரில் கூலி குறைந்தால் சந்தாவும் குறையும். நோய் அப்போதுதான் கூடும். ஸ்காட்லாந்தின் மலைப்பகுதிகளிலும் தீவுகளிலும் 1913 முதலே அரசு பணம் போட்டு டாக்டரையும் நர்ஸையும் வைத்தது, ஏனென்றால் அங்கே சந்தாவை நம்பினால் யாருமே வரமாட்டார்கள் என்று அரசுக்குத் தெரிந்தது. இங்கிலாந்தின் ஏழை ஊர்களுக்கும் அதே நியாயம் பொருந்தும் என்பது என் கருத்து.

அப்படியானால் குழு என்ன செய்திருக்க வேண்டும்? தனி ஊராக நின்று ஒரு மலிவான நர்ஸை வைக்கும் யோசனையைக் கைவிட்டிருக்க வேண்டும். பக்கத்து இரண்டு ஊர்களையும் சேர்த்துக்கொண்டால் 600 குடும்பம், சந்தாவில் 130 பவுண்டு. புதிய சட்டப்படி மருத்துவச்சி வேலைக்குக் கவுண்டியிடமிருந்து தொகை, குழந்தை நலத்துக்கும் பள்ளிக்கும் தனித் தொகை. இவ்வளவையும் வைத்து இரண்டு பேரை நியமிக்கலாம்: ஒரு குயின்ஸ் நர்ஸ், அவரோடு ஒரு கிராம நர்ஸ். சீழும் தொற்றும் உள்ள வீடுகள் ஒருவருக்கு, அந்த வாரப் பிரசவங்கள் மற்றவருக்கு. மருத்துவச்சிகள் வலி குறைக்க வாயுக் கலவை கொடுக்கலாம் என்று அந்த ஆண்டுதான் அனுமதி வந்தது. லிவர்பூல் மருத்துவர் மின்னிட் உருவாக்கிய கருவி அது. பயிற்சி பெற்ற இன்னொருவரும் அறையில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. தனி நர்ஸ் உள்ள ஊரில் அந்தப் பெண் வலியைத் தாங்கிக்கொள்ள வேண்டியதுதான். இரண்டு பேர் இருந்தால் கொடுக்கலாம். ஒருவர் வாரத்தில் ஒருநாள் முழுசாகத் தூங்கவும் முடியும். ஆண்டு முழுவதும் இரவும் பகலும் அழைப்புக்குக் காத்திருந்து உடம்பு கெட்டு விலகிய நர்ஸ்களை நினைத்தால், இதைச் சலுகை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

மூன்று ஊர்த் தூரத்துக்குச் சைக்கிள் போதாது. 1922 முதல் விற்பனைக்கு வந்த ஆஸ்டின் செவன் என்ற சிறிய காரைப் பழையதாக ஒன்று வாங்கலாம், அந்த வாயுக் கருவியையும் அதில்தான் ஏற்றிப் போக முடியும். திருவிழாப் பணம் அதற்குப் போகட்டும். திருமணமாகாத பெண்ணைப் பற்றிய விதி இருந்தால் முதல் கூட்டத்திலேயே அதை அடித்துவிட வேண்டும். நர்ஸ் வீட்டுக்கு ஒரு தொலைபேசி. அப்புறம் கதவில் ஒரு சிலேட்டு: இருவரில் யார் எந்த ஊரில், எந்த வீட்டில் இருக்கிறார் என்று எழுதிவைத்துவிட்டுக் கிளம்ப.